கம்பியின்றிச் செல்லும் இசைக் கட்டளை



தமிழில் "மிடி" என்றொரு சொல் உண்டு. வறுமை என்பது அதன் பொருள். இன்றைய இசையுலகிலும் மிடி என்றொரு சொல் வழங்குகின்றது. ஆனால் அது தமிழ்ச் சொல்லன்று. இலத்திரனியல் இசைக்கருவிகள் தம்முள் உரையாடுவதற்கென வகுக்கப்பட்ட ஒழுங்கொன்றின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களைக் கூட்டிச் செய்த பெயர் அது. எனினும் தமிழ்ச் சொல்லின் பொருள் அதற்கும் ஓரளவு பொருந்தி நிற்கின்றது. இந்த மிடி மிகச் சிறிய செய்திகளை மட்டுமே கொண்டு செல்வது. ஒலியைச் சுமந்து செல்லும் வல்லமை அதற்கு இல்லை. அந்த எளிமையே அதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழவைத்தது. அதே எளிமை இன்று, தபால் முத்திரையளவான சிறு சாதனத்தின் துணைகொண்டு, அதனைக் கம்பியின்றி வானலையிலும் செல்ல வைத்துள்ளது. அவ்வாறு செல்லும்போது நேரும் இடர்கள் யாவை, அவற்றை அறிஞர் எவ்வாறு தீர்த்தனர் என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

வானொலியிற் பாடல் கேட்கும் நேயர்களுக்கு, அலைவழி வருவது ஒலியின் வடிவமே என்பது தெரியும். பாடுவோரின் குரல் மின்னாக மாறி, அலையில் ஏறி, வீட்டிலுள்ள பெட்டியில் மீண்டும் குரலாகின்றது. இசைக் கட்டளை அத்தகையதன்று. "இன்ன சுரத்தை இவ்வளவு அழுத்தத்துடன் ஒலிக்கத் தொடங்குக" என்பது ஒரு கட்டளை. "அச்சுரத்தை நிறுத்துக" என்பது மற்றொரு கட்டளை. கட்டளையைப் பெறும் கருவியே ஒலியை உண்டாக்குகின்றது. அனுப்பும் இடத்தில் ஒலி எழவேண்டும் என்பதுகூட இல்லை.

இவ்வேறுபாட்டை விளக்கப் பழைய சாதனம் ஒன்று உதவும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தானே வாசிக்கும் பியானோ மேனாட்டு வீடுகளிற் பெருவழக்காயிருந்தது. நீண்ட காகிதச் சுருளொன்றில் துளைகள் இடப்பட்டிருக்கும். சுருள் நகர்ந்து செல்கையில், துளை வந்த இடத்திற் காற்று உட்புகுந்து உரிய கட்டையை இயக்கும். துளை தொடங்குமிடத்தில் ஒலி தொடங்கும். துளை முடியுமிடத்தில் ஒலி ஓயும். முதலில் ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தம் விருப்பம்போல் துளைகளை அமைத்தனர். ஒருவர் செய்த சுருள் மற்றவரின் பியானோவுக்குப் பயன்படவில்லை. 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் அவர்கள் கூடி, 88 கட்டைகளுக்கும் பொதுவாக அங்குலமொன்றுக்கு 9 துளைகள் என்னும் அளவை ஏற்றுக்கொண்டனர். போட்டியாளர் பொதுவழி ஒன்றை ஏற்றதால் அனைவரும் பயன் பெற்றனர்.

ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் இதே வரலாறு மீண்டும் நிகழ்ந்தது. 1970களில் மின்னாற் செயற்கையாக ஒலியைத் தோற்றுவிக்கும் கருவிகள் பெருகின. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் முறை கம்பனிக்குக் கம்பனி வேறுபட்டது. யப்பானின் ரோலண்ட் கம்பனியை நிறுவிய இக்குத்தாரோ காக்கெஹாஷி, இக்குழப்பத்தை நீக்கப் பொது ஒழுங்கு ஒன்று வேண்டுமென 1981இல் அமெரிக்க உற்பத்தியாளரிடம் எடுத்துரைத்தார். அமெரிக்காவிற் சீக்குவென்ஷல் சேர்க்கிற்ஸ் என்னும் கம்பனியை நடத்திய டேவ் சிமித் அதனை ஏற்று, அதே ஆண்டு ஒலிப் பொறியியலாளர் மாநாட்டிற் பொது இணைப்பு முறையொன்றுக்கான திட்டத்தை முன்வைத்தார். யமாஹா, கோர்க், கவாய் முதலிய யப்பானியக் கம்பனிகளும் அம்முயற்சியிற் சேர்ந்தன. 1983 ஜனவரியில், கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், சிமித்தின் கம்பனி செய்த கருவியும் ரோலண்ட் கம்பனி செய்த கருவியும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றை வாசிக்க மற்றதும் ஒலித்தது. அதே ஆண்டில் மிடி ஒழுங்கின் விதிகள் வெளியாயின. அவ்விதிகளைப் பயன்படுத்துவோரிடம் உரிமைக் கட்டணம் கேட்கப்படவில்லை. 2013இல் காக்கெஹாஷி, சிமித் ஆகிய இருவருக்கும் இப்பணிக்காகத் தொழினுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. காக்கெஹாஷி 2017இலும் சிமித் 2022இலும் மறைந்தனர்.

இனி, அக்கட்டளையின் உருவத்தை நோக்குவோம். ஒரு சுரத்தைத் தொடங்கும் செய்தியில் மூன்று எண்கள் மட்டுமே உள்ளன. முதலாவது எண், செய்தி எவ்வகையினது, பதினாறு தடங்களுள் எத்தடத்துக்குரியது என்பதைச் சொல்லும். இரண்டாவது, எந்தச் சுரம் என்பதைச் சொல்லும். சுரங்களுக்கு 0 முதல் 127 வரை இலக்கமிடப்பட்டுள்ளது. பியானோவின் நடுவிலுள்ள "சி" என்னும் சுரத்துக்கு 60 என்பது இலக்கம். செக்கனுக்கு 440 அதிர்வுகள் கொண்ட சுரத்துக்கு 69 என்பது இலக்கம். மூன்றாவது எண், கட்டை எவ்வளவு விரைவாக அழுத்தப்பட்டது என்பதைச் சொல்லும். விரல் கட்டையை விட்டு நீங்கும்போது, இதே அமைப்பில், நிறுத்துமாறு கூறும் வேறொரு செய்தி புறப்படும்.

ஈண்டு ஒரு நுட்பத்தை நேயர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும். காகிதச் சுருளில் ஒலியின் தொடக்கமும் முடிவும் ஒரே துளையின் இரு ஓரங்கள். தொடக்கம் உண்டெனில் முடிவும் உண்டு. மிடியிலோ தொடக்கம் ஒரு செய்தி, முடிவு இன்னொரு செய்தி. அவை தனித்தனியே புறப்பட்டுத் தனித்தனியே சென்று சேர்கின்றன. ஒன்று சேர்ந்து மற்றது சேராமற் போவதும் இயலக்கூடியதே. கம்பி இருந்த காலத்தில் இது பெரிய இடராகத் தோன்றவில்லை. கம்பியை நீக்கியபோதுதான் இதன் முழுப் பொருளும் வெளிப்பட்டது.

கம்பி செய்த நன்மைகளை முதலிற் சொல்லவேண்டும். மிடிக் கம்பியிற் செக்கனுக்கு 31,250 பிற்றுக்கள் செல்லும். ஓர் எண்ணுக்குத் தொடக்க அடையாளமும் முடிவு அடையாளமும் உட்படப் பத்துப் பிற்றுக்கள் வேண்டும். எனவே மூன்று எண்கள் கொண்ட செய்தி, ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கனில், அதாவது செக்கனின் ஆயிரத்திலொரு பங்கில், சென்று சேரும். பத்து விரல்களையும் ஒருங்கே வைத்தாலும் பத்துச் செய்திகளும் பத்து மில்லிசெக்கனுக்குள் அடங்கிவிடும். அனுப்பிய ஒழுங்கிலேயே அவை வந்து சேரும். கம்பி அறுந்தாலன்றிச் செய்தி தவறுவது அரிது. குறை ஒன்றே: கம்பி பதினைந்து மீற்றருக்கு மேற் செல்லலாகாது என்பது விதி. வாசிப்பவரும் அந்த எல்லைக்குள் கட்டுண்டு நிற்க வேண்டியவரானார்.

எல்லா இசைஞரும் ஓரிடத்தில் அமர்ந்து வாசிப்பவரல்லர். ஆடிக்கொண்டே இசையை ஆள விரும்புவோர் உளர். கையுறையிற் பொருத்திய உணரிகளால், கையசைவையே இசைக் கட்டளையாக்குவோர் உளர். கட்டையை அழுத்த இயலாத உடற்குறையுடையோர், தலையின் சிறு சாய்வினாலோ மூச்சினாலோ சுரத்தை எழுப்பலாம். இத்தகையோருக்குக் கம்பி என்பது தளை. அதனை அகற்றும் வழி நுண்கட்டுப்படுத்தியினாற் கிடைத்தது.

நுண்கட்டுப்படுத்தி என்பது ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி. பெரிய கணினியைப்போல் பல தொழில்களைச் செய்வது அதன் வேலையன்று. ஒரு சுவிற்சை நோக்குதல், ஓர் உணரியை அளத்தல், ஒரு செய்தியை அனுப்புதல் போன்ற சில தொழில்களை இடையறாது செய்வதே அதன் வேலை. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தோன்றிய ஆடுயினோ என்னும் பலகை, பொறியியல் படியாத கலைஞரும் மாணவரும் இச்சில்லுக்களைக் கையாள வழி திறந்தது. நோர்வேயின் நோர்டிக் கம்பனி, மிகக் குறைந்த மின்னிற் செய்தி அனுப்பும் சிறு வானொலிச் சில்லுக்களைச் செய்தது. சீனாவின் ஷாங்காய் நகரிலுள்ள எஸ்பிரசிவ் கம்பனி, 2014இல் வைபை வசதியுடைய மலிவான சில்லொன்றையும், 2016இல் வைபையும் புளூடூத்தும் ஒருங்கே அமைந்த ஈ.எஸ்.பி. 32 என்னும் சில்லையும் வெளியிட்டது. அதே 2016இல் பிரித்தானியாவிற் பதினொன்று, பன்னிரண்டு வயது மாணவர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேருக்கு மைக்ரோபிற் என்னும் சிறு பலகை இலவசமாக வழங்கப்பட்டது. சாய்வை உணரும் உறுப்பும், அண்டையிலுள்ள இன்னொரு பலகைக்குச் செய்தி அனுப்பும் வானொலியும் அதில் உள்ளன. இவ்வாறு கம்பியற்ற இசைக் கட்டளை, பெருங்கம்பனிகளின் ஆய்வுகூடத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

வேலைமுறை எளிதாகவே தோன்றும். வாசிப்பவரிடம் உள்ள சில்லு, கட்டை அழுத்தப்பட்டதை அறிகின்றது. மூன்று எண்களையும் ஒரு பொதியிலிட்டு வானலையில் விடுகின்றது. ஒலிக்கும் கருவியின் அருகிலுள்ள மற்றச் சில்லு பொதியைப் பெற்றுப் பிரித்து, கருவிக்கு அம்மூன்று எண்களையும் கொடுக்கின்றது. நோர்டிக் சில்லொன்றின் பொதியில் 32 எண்கள் அடங்கும். எஸ்பிரசிவ் சில்லுக்கள் தம்முள் நேரே பேசுவதற்கென அமைந்த முறையின் முதல் வடிவத்தில் ஒரு பொதியில் 250 எண்கள் வரை அடங்கும். மூன்று எண்கள் கொண்ட செய்திக்கு இவை மாளிகை போன்றவை. இடப் பஞ்சம் எதுவும் இல்லை. அவ்வாறாயின் இடர் எங்கேயுள்ளது?

இடர் இரண்டு. ஒன்று தாமதம், மற்றது இழப்பு.

தாமதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஆகவே பத்து மில்லிசெக்கன் தாமதம் என்பது, மூன்றரை மீற்றருக்கு அப்பால் நிற்பவரின் வாசிப்பைக் கேட்பதற்கு ஒப்பாகும். கோயில் வீதியில் நாதசுரக்காரரும் தவிற்காரரும் அதற்கு மேலும் விலகி நின்று ஒன்றாக வாசிப்பதுண்டு. சிறு தாமதம் மாறாதிருக்குமாயின் வாசிப்பவரின் கை அதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் ஒரு சுரம் மூன்று மில்லிசெக்கனிலும், அடுத்தது பதினெட்டிலும், அதற்கடுத்தது ஐந்திலும் வருமாயின் எந்தக் கையும் அதற்குப் பழகமாட்டாது. தாளம் நடுங்கும். குறைந்த தாமதத்தைவிட மாறாத தாமதமே இசைக்கு நல்லது.

வானலையில் இந்நடுக்கம் நேர்வதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. மின்சிக்கனத்துக்கெனச் செய்யப்பட்ட புளூடூத் முறையில், இரு சாதனங்களும் குறித்த இடைவெளியில் மட்டுமே சந்தித்துப் பேசும். நெடுங்காலமாக அவ்விடைவெளி 7.5 மில்லிசெக்கனுக்குக் குறைய முடியாதிருந்தது. 2015இல் வகுக்கப்பட்ட புளூடூத் மிடி விதிகள், அதனை 15 மில்லிசெக்கனுக்கு மேற்படாமல் வைக்குமாறு கூறுகின்றன. கட்டை எக்கணத்தில் அழுத்தப்பட்டாலும் செய்தி அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கும். ஒரு செய்தி சிறிது நேரமும் மற்றொன்று நீண்ட நேரமும் காத்திருந்தால், புறப்பட்ட ஒழுங்கு குலைந்துவிடும். வைபை முறையிலோ வேறொரு பொறி உண்டு. மின்னை மிச்சப்படுத்தும் பொருட்டுச் சில்லு இடையிடையே உறங்கி, பெரும்பாலும் 100 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை விழித்துத் தனக்கு வந்தவற்றைக் கேட்கும். இதை அறியாதவர், தம் நிரலில் எங்கோ பிழையென்று நாட்கணக்கில் தேடுவதுண்டு. உறக்கத்தைத் தடுக்கும் ஒரு வரியே அதற்கு மருந்து.

நடுக்கத்துக்கு மருந்து காலக்குறி. புளூடூத் மிடியில் ஒவ்வொரு செய்தியோடும் அது பிறந்த நேரம் மில்லிசெக்கன் கணக்கில் எழுதி அனுப்பப்படும். பெறும் சில்லு, முந்தி வந்ததைச் சற்றுத் தடுத்து வைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவான தாமதத்தோடு வெளியிடலாம். விரைவிற் சிறிது இழந்து ஒழுங்கைப் பெறுவதே இவ்வுபாயம்.

இரண்டாவது இடரான இழப்பு இதனினும் பெரிது. ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். பள்ளி மண்டபமொன்றில் மாணவி ஒருத்தி, தானே செய்த கையுறையை அணிந்து மேடையேறுகின்றாள். ஒத்திகையில் யாவும் செம்மையாக நிகழ்ந்தன. மண்டபம் நிறைந்துவிட்டது. அவள் கையை உயர்த்திச் சுரத்தை எழுப்புகின்றாள். கையைத் தாழ்த்தி ஓயச் செய்கின்றாள். நடுவிலே எழுப்பும் செய்தி ஒன்று தொலைகின்றது. ஒரு சுரம் குறைந்தது. அவையோர் பலர் அதைக் கவனிக்கவுமில்லை. இறுதிச் சுரத்தின்போது தொலைந்தது நிறுத்தும் செய்தி. கை தாழ்ந்துவிட்டது, ஒலி ஓயவில்லை. மீண்டும் கையை அசைத்தும் பயனில்லை. தன் கைக்கும் காதுக்கும் இடையில் இருந்த நம்பிக்கை அவள் கண்முன்னே அறுந்துபோகின்றது. பிழை தன்னுடையதென்றே அவள் கருதுவாள். மெய்யில் அது நிரலை வகுத்த முறையின் பிழை.

ஒத்திகையில் நேராதது அரங்கில் நேர்வதேன்? வைபையும் புளூடூத்தும் இச்சிறு சில்லுக்களும் பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ் என்னும் ஒரே மீடிறன் பகுதியையே பகிர்ந்துகொள்கின்றன. நுண்ணலை அடுப்பும் அப்பகுதியிலேயே இயங்குவது. வெறும் மண்டபத்தில் அவ்வழி வெறிச்சோடிக் கிடக்கும். அவையோர் வந்ததும் அவர்களின் கைத்தொலைபேசிகளும் கூட வருகின்றன. அன்றியும் மனித உடலிற் பெரும்பகுதி நீர். நீர் இவ்வலைகளை உறிஞ்சவல்லது. அனுப்பும் சில்லுக்கும் பெறும் சில்லுக்கும் இடையில் நூறு பேர் அமர்ந்தால் அலை நலிவடையும். ஆகவே பெறும் சில்லை மேடையின் அருகில், மறைப்பில்லாத உயரத்தில் வைப்பது அறிவுடைமை.

நெரிசலைத் தப்பும் உபாயம் ஒன்றைப் பழைய காகிதச் சுருளே தந்தது என்பது சுவையான செய்தி. 1942இல், நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தையிலும் அமெரிக்காவிற் காப்புரிமையொன்று பெற்றனர். நீரில் ஏவப்படும் குண்டுக்கு அனுப்பும் வானொலிச் சைகையை எதிரி குழப்பாதிருக்க, மீடிறனை அடிக்கடி மாற்றவேண்டும் என்பது அவர்களின் எண்ணம். அனுப்புமிடத்திலும் பெறுமிடத்திலும் ஒத்த துளைகளுடைய சுருள்கள் ஒருங்கே ஓடுவது, பியானோவின் கட்டைகளைப்போல் 88 மீடிறன்களுள் மாறி மாறிச் செல்வது என்று அவர்கள் அதனை அமைத்தனர். மீடிறன் விட்டு மீடிறன் தாவும் அதே வகை உபாயம் இன்று புளூடூத்திலும் உண்டு. மின்சிக்கனப் புளூடூத் 40 தடங்களைக் கொண்டது. கெட்ட தடத்தை விட்டு நல்ல தடத்துக்கு அது தாவும். எனினும் தாவுதல் இழப்பைக் குறைக்குமேயன்றி முற்றாக ஒழிக்காது.

ஆதலின், இழந்ததை மீட்கும் வழி வேண்டும். முதல்வழி, பதிவுத் தபாலைப் போன்றது. பெற்றவர் பெற்றேனென ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்புவார். ஒப்பம் வராவிடின் அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். நோர்டிக் சில்லு இதனைத் தானே செய்யவல்லது. எஸ்பிரசிவ் சில்லும் ஒரே முகவரிக்கு அனுப்பும்போது ஒப்பம் பெறும். பலருக்கும் பொதுவாகப் பரப்பும்போது ஒப்பம் இல்லை. இவ்வழியில் இரண்டு குறைகள் உண்டு. செய்தி சேர்ந்து, ஒப்பம் மட்டும் தொலைந்தால், ஒரே செய்தி இருமுறை வந்து சுரம் இருமுறை தட்டப்படலாம். அதைத் தடுக்க ஒவ்வொரு பொதிக்கும் வரிசை இலக்கம் இடவேண்டும். மற்றக் குறை, மீட்சிக்குக் காலம் செல்லும். சில இணையமுறைகளில், தொலைந்த ஒரு செய்தி வந்து சேரும்வரை பின்னால் வந்த நல்ல செய்திகளும் வாயிலில் நிறுத்திவைக்கப்படும். மடலுக்கு இது தகும்; தாளத்துக்குத் தகாது.

இரண்டாவது வழியை அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் லசாரோ, ஜோன் வாவ்சினெக் என்னும் இருவர் வகுத்தனர். இணைய விதியாக 2006இல் வெளியான அது, 2011இல் திருத்தி வெளியிடப்பட்டது. அவர்களின் முறையில் ஒவ்வொரு பொதியும் புதிய கட்டளையோடு, சென்ற காலத்தின் சுருக்கமான நாட்குறிப்பு ஒன்றையும் சுமந்து செல்லும். இடையில் ஒரு பொதி தொலைந்தால், அடுத்து வருவது நாட்குறிப்பைக் கொண்டு நிலைமையைச் சீராக்கும். மீண்டும் அனுப்புக எனக் கேட்க வேண்டியதில்லை. தொலைந்தது சுரத்தைத் தொடங்கும் கட்டளையாயின், காலங் கடந்தபின் அதனை ஒலிக்காமலே விட்டுவிடலாம். பிந்தி வந்த சுரம் தாளத்தைக் கெடுக்கும். தொலைந்தது நிறுத்தும் கட்டளையாயின், எவ்வளவு பிந்தினும் அதனை நிறைவேற்றியே ஆகவேண்டும். இரு கட்டளைகளும் உருவத்தில் ஒன்றாயினும் பொறுப்பில் ஒன்றல்ல என்பதை அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

இவ்வறிவைச் சிறு சில்லில் இன்னும் எளிதாகக் கையாளலாம். மொத்தச் சுரங்கள் 128. ஒவ்வொன்றும் ஒலிக்கின்றதா, ஓய்ந்துள்ளதா என்பதைச் சொல்ல ஒரு பிற்றுப் போதும். 128 பிற்றுக்கள் என்பது 16 எண்கள். அவை நோர்டிக் சில்லின் 32 எண் பொதியிலேயே பாதி இடத்தில் அடங்கிவிடும். எனவே மூன்று எண்களை அனுப்பிவிட்டு ஓய்வதற்குப் பதிலாக, முழு நிலையையும் 20 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். ஒரு பொதி தொலைந்தால் அடுத்தது அக்குறையைத் தீர்க்கும். ஒலித்துக்கொண்டிருக்கும் சுரம் ஒன்று பட்டியலில் இல்லையென்று கண்டதும் பெறும் சில்லு அதனை ஓயச் செய்யும். இங்கே தொடக்கமும் முடிவும், காகிதச் சுருளிற் போலவே, மீண்டும் ஒரே உருவத்தின் இரு பகுதிகளாகி விடுகின்றன.

அனுப்பும் சில்லின் மின்கலமே தீர்ந்துபோனால் யாது செய்வது? அதற்கும் 1983ஆம் ஆண்டின் மிடி விதிகளிலேயே இடமுண்டு. வாசிப்பு இல்லாத நேரத்திலும் 300 மில்லிசெக்கனுக்குள் "உயிரோடு இருக்கின்றேன்" என்னும் ஒற்றை எண்ணை அனுப்பலாம். ஒருமுறை அதனைக் கேட்ட கருவி, பின்னர் அக்கால எல்லை கடந்தும் ஒன்றும் வராவிடின், எல்லாச் சுரங்களையும் தானே ஓயச் செய்யும். இவற்றோடு, எல்லாச் சுரங்களையும் நிறுத்துக எனக் கூறும் 123ஆம் இலக்கக் கட்டளையும் உண்டு. அதனை அனுப்பும் பொத்தான் ஒன்றை மேடையிற் கையெட்டும் இடத்தில் வைப்பது நல்ல வழக்கம்.

எல்லாச் செய்திகளுக்கும் இவ்வளவு காவல் வேண்டுவதில்லை. சுரத்தை வளைக்கும் செய்தி ஒன்று மிடியில் உண்டு. அது 16,384 படிகளை உடையது. கருநாடக இசையின் கமகத்தைக் கட்டை வாத்தியத்திற் காட்ட முனைவோர், சுரத்தை இடையறாது வளைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அப்போது செய்திகள் நீரோட்டம்போல் தொடர்ந்து செல்லும். அவற்றுள் ஒன்று தொலைந்தால், அடுத்த கணத்தில் வரும் செய்தி புதிய நிலையைச் சொல்லிவிடும். பழையதைத் தேடுவது வீண். ஆனால் வளைவு முடிந்து சுரம் தன் இடத்துக்குத் திரும்பும் கடைசிச் செய்தி தொலைந்தாலோ, பின்வரும் சுரங்கள் யாவும் சுருதி பிசகி ஒலிக்கும். ஒழுக்கின் நடுவிற் போவது இழப்பன்று. இறுதியிற் போவதே இழப்பு.

மிடி ஒழுங்கும் வளர்ந்தே வருகின்றது. 2020இல் அதன் இரண்டாம் பதிப்பின் விதிகள் ஏற்கப்பட்டன. 2024இல் அதனை வலையமைப்பில் அனுப்புவதற்குரிய விதிகளும் வெளியாயின. இழந்த செய்தியை மீட்கும் ஏற்பாடு அவற்றிலும் இடம்பெற்றுள்ளது. எனினும் 1983இல் வகுத்த மூன்று எண்களும் இன்னும் வழக்கொழியவில்லை.

இனி, பள்ளி மண்டபத்துக்கு மீள்வோம். அதே மாணவி, அதே கையுறை, அதே கூட்டம். இறுதிச் சுரத்தை நிறுத்தும் பொதி இம்முறையும் வழியிலே தொலைகின்றது. இருபது மில்லிசெக்கன் கழித்து வந்த அடுத்த பொதி, ஒலிக்கவேண்டிய சுரம் ஒன்றுமில்லை என்று சொல்கின்றது. ஒலி ஓய்கின்றது. இடையில் ஒரு பொதி தொலைந்ததை அவையில் ஒருவரும் அறியார், அவளும் அறியாள். கையைத் தாழ்த்தினாள், ஒலி ஓய்ந்தது என்பதே அவள் அறிந்தது.

கருவி செய்வோர் முதலில் ஒலியை எழுப்பவே விரும்புவர். மேசைமேல் முதற் சுரம் கம்பியின்றி ஒலித்த அன்றே வேலை முடிந்ததெனக் கருதுவோரும் உளர். அச்சுரத்தை ஓயச் சொல்லும் கட்டளை எந்நிலையிலும் சென்று சேரும் என்று உறுதிசெய்த பின்னரே அக்கருவியை இன்னொருவர் கையிற் கொடுத்து மேடைக்கு அனுப்பலாம்.